வழிபாட்டுச் சபையை நிர்வகிப்பவர்களுக்கு: பதிவு முதல் பொறுப்பு ஒப்படைப்பு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

நான் ஒரு வழிபாட்டுச் சபைக்குப் பொருளாளர் ஆனது தகுதியால் இல்லை. பொதுக்குழுவில் "யாராவது முன்வாருங்கள்" என்று கேட்டபோது எல்லோரும் தரையைப் பார்த்தார்கள், நான் தெரியாத்தனமாக நிமிர்ந்து பார்த்துவிட்டேன், அவ்வளவுதான். மறுநாள் பழைய பொருளாளர் ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே பாதி கிழித்த ரசீதுப் புத்தகம், ஒரு கோடு போட்ட நோட்டு, வங்கிப் பாஸ்புக், அப்புறம் தலைவர் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு வைத்திருந்த நான்கு வெற்றுக் காசோலைகள். "அவர் அடிக்கடி வெளியூர் போய்விடுவார், அதான் வசதிக்கு" என்றார். இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால்தான் பணம் எடுக்கலாம் என்று எங்கள் விதியில் இருந்தது. அந்த விதி அந்த நான்கு தாள்களோடு செத்துப்போயிருந்தது. இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை என்பதுதான் என்னைப் பயமுறுத்தியது.

கோயில் அறக்கட்டளையோ, ஜெபக்குழுவோ, ஜமாத்தோ, தியான மன்றமோ, எல்லாவற்றையும் இங்கே 'சபை' என்றே சொல்கிறேன். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். அதனால் பல நாடுகளின் சட்டங்களிலிருந்து உதாரணம் எடுத்திருக்கிறேன், உங்கள் நாட்டில் அதற்கு ஈடானது எது என்று ஒரு வக்கீலிடமும் ஆடிட்டரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அடிப்படை எங்கேயும் ஒன்றுதான்: காணிக்கை கொடுத்தவர் கையை விட்ட நொடியிலிருந்து அந்தப் பணம் அவருடையதும் இல்லை, உங்களுடையதும் இல்லை, குருவுடையதும் இல்லை. எந்தக் காரியத்துக்காகக் கொடுத்தாரோ அந்தக் காரியத்துக்கு உரியது. மற்றதெல்லாம் இதை நடைமுறைப்படுத்தும் வேலை.

படி 1: சட்டத்தின் கண்ணில் நீங்கள் யார்?

பத்துப் பேர் ஒரு வீட்டில் கூடி வழிபட ஆரம்பிக்கும்போது யாரும் பதிவைப் பற்றி யோசிப்பதில்லை, யோசிக்கவும் வேண்டியதில்லை. ஆனால் ஒரு கூடத்தை வாடகைக்கு எடுக்கும் நாளில் கேள்வி வருகிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது யார்? பதிவு செய்யாத சபைக்குப் பெரும்பாலான நாடுகளில் சட்டப்படி தனி உருவம் கிடையாது. அதனால் வாடகை பாக்கி நின்றால் கையெழுத்துப் போட்ட மனிதரின் சொந்தச் சொத்துவரை கேள்வி போகலாம்.

தேர்வுகள் ஏறக்குறைய மூன்று. ஒன்று, அறக்கட்டளை: ஒரு பத்திரம், அதில் பெயர் சொன்ன அறங்காவலர்கள். இரண்டாவது, உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கும் சங்கம். மலேசியாவில் இது 1966ஆம் ஆண்டின் சங்கச் சட்டத்தின் கீழ் வருகிறது, இந்தியாவில் மாநிலத்துக்கு மாநிலம் சங்கப் பதிவுச் சட்டம் உண்டு. மூன்றாவது, லாப நோக்கமில்லாத நிறுவனம்: இந்தியக் கம்பெனிச் சட்டம் 2013இன் 8ஆவது பிரிவு, அமெரிக்க மாநிலங்களின் லாபநோக்கற்ற கார்ப்பரேஷன், இங்கிலாந்தில் அறப்பணிகளுக்கென்றே உருவாக்கிய தனி நிறுவன வடிவம். என் அபிப்பிராயம்: பத்து வருடத்துக்கு மேல் நிற்க வேண்டும், சொத்து வாங்க வேண்டும் என்றால், தனிச் சட்ட உருவம் உள்ள ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அறக்கட்டளை ஆரம்பிப்பது எளிது, ஆனால் நான்கைந்து பேரின் கையிலேயே எல்லாம் தங்கிவிடும். சங்கத்தில் ஜனநாயகம் இருக்கும், கூடவே தேர்தல் சண்டையும் இருக்கும்.

பதிவு வேறு, வரிவிலக்கு வேறு. இதைக் குழப்பிக்கொள்ளாத சபையை நான் இன்னும் பார்க்கவில்லை. சங்கமாகப் பதிவு செய்த சான்றிதழை ஃப்ரேம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டு, வரித்துறைக்கு விண்ணப்பிக்காமலே வருடக்கணக்காக இருப்பார்கள். அமெரிக்காவில் வழிபாட்டுச் சபைகளுக்கு 501(சி)(3) என்ற பிரிவின் கீழ் வருமான வரி விலக்கு விண்ணப்பிக்காமலே கிடைக்கும், நிபந்தனைகளுக்குள் நடந்துகொண்டால் போதும். இந்தியாவில் அப்படி இல்லை. வருமான வரித்துறையில் தனியாகப் பதிவு வாங்க வேண்டும், அதையும் குறித்த காலத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2026 ஏப்ரல் 1 முதல் அங்கே புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்திருப்பதால் நீங்கள் மனப்பாடமாக வைத்திருக்கும் பழைய பிரிவு எண்களை நம்பாதீர்கள். இங்கிலாந்து, வேல்ஸில் ஆண்டு வருமானம் 5,000 பவுண்டைத் தாண்டினால் பொதுவாக அறப்பணி ஆணையத்தில் பதிய வேண்டும். கனடாவில் வருவாய் முகமை பதிவு கொடுத்த பிறகுதான் வரிச்சலுகை ரசீது எழுதலாம்.

இன்னொன்று. சொத்து யார் பெயரில் இருக்கிறது என்று இன்றைக்கே பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒரு சபையில் எல்லோரும் சேர்ந்து கொடுத்த பணத்தில் இடம் வாங்கினார்கள். சபை அப்போது பதிவாகவில்லை என்பதால் தொடங்கியவர் பெயரிலேயே பத்திரம். நல்ல மனிதர், ஒரு பைசா தொட்டதில்லை. அவர் போன பிறகு பிள்ளைகளுக்கு அது வாரிசுச் சொத்து. அவர்களில் இரண்டு பேர் விட்டுக்கொடுத்தார்கள், மூன்றாமவருக்குக் கடன் இருந்தது.

படி 2: அமைப்பு விதி. சோம்பல்படாமல் எழுத வேண்டியது இதைத்தான்

யாரோ ஒருவருடைய பைலாவை, அதாவது அமைப்பு விதியை, வாங்கி, பெயரை மாற்றி, பிரிண்ட் எடுத்துப் பதிவு செய்வதுதான் வழக்கம். நாங்களும் அதைத்தான் செய்திருந்தோம். பதினெட்டாவது விதியில் பழைய சங்கத்தின் பெயர் அப்படியே இருந்தது. ஏழு வருடம் யாரும் கவனிக்கவில்லை.

ஒரு சபையின் விதியில் எழுதியிருக்கும் வார்த்தை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஸ்காட்லாந்தில் ஒரு வழக்கு இருக்கிறது. 1900இல் அங்கே ஃப்ரீ சர்ச் என்ற சபையின் மிகப்பெரும்பான்மை இன்னொரு சபையோடு இணைந்தது. ஒரு சிறு பிரிவு மட்டும் மறுத்தது. சொத்தெல்லாம் முதலில் சபை எந்தக் கோட்பாட்டுக்காகத் தொடங்கப்பட்டதோ அதற்காக வைக்கப்பட்டது, நாங்கள்தான் அதில் நிற்கிறோம் என்றது அந்தச் சிறுபான்மை. 1904இல், அன்று பிரிட்டனின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை அவர்கள் பக்கமே தீர்ப்புச் சொன்னது. கையளவு ஆட்களுக்கு ஒரு நாடளாவிய சபையின் சொத்து முழுவதும் போய்ச் சேர்ந்தது. நிர்வகிக்க ஆளில்லாத நிலையில் அடுத்த வருடமே பாராளுமன்றம் தனிச்சட்டம் போட்டுச் சொத்தைப் பிரித்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. உங்களுக்காக எந்தப் பாராளுமன்றமும் அப்படிக் கூடப்போவதில்லை.

அதனால் 'நோக்கம்' என்ற பத்தியை அகலமாகவும் தெளிவாகவும் எழுதுங்கள். வழிபாடு மட்டும் என்று எழுதிவிட்டு, பிறகு மருத்துவ உதவி செய்தால் அது நோக்கத்துக்கு வெளியே. அதேசமயம் எல்லாவற்றையும் போட்டு நிரப்பினால் மதத் தொண்டா, பொதுத் தொண்டா என்று வரித்துறைக்குச் சந்தேகம் வரும். இந்தியாவில் இந்த வித்தியாசத்துக்கு விலை உண்டு: குறிப்பிட்ட ஒரு மதச் சமூகத்துக்கு மட்டுமே என்று அமைந்த நிறுவனத்துக்குக் கொடுத்த நன்கொடைக்கு, கொடுத்தவர் வழக்கமான நன்கொடைக் கழிவைக் கோர முடியாது.

அப்புறம் 'உறுப்பினர் யார்' என்ற கேள்வி. சபை உடைகிறபோது வழக்கு பெரும்பாலும் இந்த ஒரு வரியில்தான் வந்து முட்டுகிறது. வழிபாட்டுக்கு வருகிற எல்லோரும் உறுப்பினரா? சந்தா கட்டியவர் மட்டுமா? இரண்டு வருடமாக வராதவருக்கு ஓட்டு உண்டா? தேர்தலுக்கு முந்தின வாரம் நாற்பது பேரைச் சேர்த்தால் செல்லுமா? சேர்ந்து ஆறு மாதம் ஆகாதவருக்கு ஓட்டில்லை என்று ஒரே வரி எழுதினால் இந்தக் கடைசிச் சண்டை வராது. உறுப்பினர் பதிவேடு என்று ஒன்று தனியாக இருக்க வேண்டும், வாட்ஸாப் குழு அதற்கு ஈடாகாது.

கோரம் (கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தபட்சம் வர வேண்டியவர்கள்) எத்தனை பேர், பதவிக்காலம் எத்தனை வருடம், நிர்வாகியை நீக்குவது எப்படி, விதியைத் திருத்த எத்தனை பங்கு ஓட்டு, இவையெல்லாம் வழக்கமாக எல்லா மாதிரியிலும் இருக்கும், சரிபார்த்தால் போதும். மாதிரியில் பெரும்பாலும் இல்லாதது இரண்டு. ஒன்று, குருவுக்கும் நிர்வாகக் குழுவுக்கும் நடுவே எல்லை எங்கே என்பது. வழிபாட்டு முறை, போதனை, சடங்கு அவருடையது. பணம், சொத்து, ஊழியர் குழுவுடையது என்று எழுதிவைத்தால் பாதித் தலைவலி இல்லை. நீதிமன்றங்களும் ஏறக்குறைய இப்படித்தான் பார்க்கின்றன. இந்திய அரசியலமைப்பின் 26ஆவது பிரிவு, மத விஷயங்களைத் தாங்களே நடத்தும் உரிமையை ஒரு மதப் பிரிவினருக்குக் கொடுத்துவிட்டு, சொத்து நிர்வாகம் 'சட்டப்படி' இருக்க வேண்டும் என்று தனியாகச் சொல்கிறது. 1954இல் சீரூர் மடம் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வித்தியாசத்தை விளக்கியது. அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 1979இல், சபைச் சொத்துத் தகராறை இறையியலுக்குள் போகாமல் பத்திரம், விதி போன்ற சாதாரண ஆவணங்களை வைத்தே தீர்க்கலாம் என்றது. இரண்டாவது, கலைப்பு விதி: சபை மூடப்பட்டால் மிச்சச் சொத்து இதேபோன்ற நோக்கமுள்ள இன்னொரு அமைப்புக்குப் போகும், உறுப்பினர்களுக்குப் பங்கு கிடையாது என்ற வரி. பல நாடுகளில் இது இல்லாமல் வரிவிலக்கே கிடைக்காது.

படி 3: குழுவில் உட்காருகிறவர் எதற்கெல்லாம் பொறுப்பு

பெயருக்குப் பதவி என்று ஒன்று சட்டத்தில் கிடையாது. கூட்டத்துக்கே வராத துணைத் தலைவரும் மற்றவர்கள் எடுத்த முடிவுக்குப் பொறுப்பாளிதான். வராமல் இருந்ததே அவர் தவறு என்று சொல்லப்படும். நியாயமான கவனம் எடுப்பது, சபையின் நலனைச் சொந்த நலனுக்கு மேலே வைப்பது, சபையின் நோக்கத்துக்கும் விதிக்கும் உள்ளே நிற்பது, இந்த மூன்றும் பெயர் மாறினாலும் எங்கேயும் இருக்கிற கடமைகள்.

நடைமுறையில் சிக்கல் வருவது இரண்டாவதில்தான். கூரை வேலைக்கு ஒப்பந்தக்காரர் தேவை, தலைவரின் மைத்துனர் ஒப்பந்தக்காரர், விலையும் உண்மையிலேயே குறைவு. கொடுக்கலாமா? கொடுக்கலாம், பல இடங்களில் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் முறை இருக்கிறது. தலைவர் முதலில் உறவைச் சொல்ல வேண்டும், அறையைவிட்டு வெளியே போக வேண்டும் (வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தால் அது வெளியே போனதாகாது), குறைந்தது இன்னும் இரண்டு பேரிடம் விலை கேட்டிருக்க வேண்டும், எல்லாம் மினிட்ஸில், அதாவது கூட்டக் குறிப்பில், எழுதப்பட வேண்டும். இங்கிலாந்தில் இன்னும் கடுமை: அறங்காவலர் தன் சபையிடமிருந்து சட்டமோ விதியோ ஆணையமோ அனுமதிக்காமல் ஊதியம் வாங்க முடியாது. அமெரிக்காவில் செல்வாக்குள்ள ஒருவருக்கு நியாயத்துக்கு மேல் சம்பளமோ சலுகையோ போனால், அதிகப்படித் தொகையில் 25 சதவீதம் அவர் மேல் வரி விழும். திருப்பிக் கட்டிச் சரிசெய்யாவிட்டால் 200 சதவீதம். போதகரும் இதில் அடக்கம்.

குருவின் சம்பளத்தைப் பற்றிப் பேசவே நாம் கூச்சப்படுகிறோம். "அவருக்கு நாம் என்ன நிர்ணயிப்பது" என்று விட்டுவிட்டு, வீட்டு வாடகையைச் சபைக் கணக்கிலிருந்தும், காரை ஒரு பக்தரிடமிருந்தும், பிள்ளையின் கல்விக் கட்டணத்தை உறையிலும் கொடுப்போம். வரித்துறையின் பார்வையில் இது எல்லாமே வருமானமாக இருக்கலாம், அதைக் கணக்கில் காட்டாதது அவருடைய தவறாகவும் உங்களுடைய தவறாகவும் போய் நிற்கும். மரியாதையாகவே ஒரு தொகையைத் தீர்மானித்து, குழுவில் ஓட்டெடுத்து, மாதாமாதம் வங்கியில் போடுங்கள். அவரைக் காப்பாற்றுவதும் அதுதான்.

படி 4: பணம்

எண்ணுவதிலிருந்து ஆரம்பிப்போம். வழிபாடு முடிந்ததும், அன்றைக்கே, அங்கேயே, ஒருவருக்கொருவர் உறவில்லாத இரண்டு பேர் பெட்டியைத் திறக்க வேண்டும். கணவன் மனைவி ஒரு ஆளாகத்தான் கணக்கு. நோட்டுகளை வகைவாரியாக அடுக்கி, ஒரு அச்சிட்ட தாளில் எந்த நோட்டு எத்தனை, சில்லறை எவ்வளவு, மொத்தம் எவ்வளவு என்று எழுதி, இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். தாள் ஒன்று பணப்பையோடு, நகல் ஒன்று செயலாளரிடம். அடுத்த வேலை நாளில் அப்படியே முழுத்தொகையும் வங்கிக்கு. அந்தப் பணத்திலிருந்து ஒலிபெருக்கிக்காரருக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தைக் கட்டுவது கூடவே கூடாது. செலவு எல்லாம் வங்கியிலிருந்து, அல்லது கணக்கு வைத்த சில்லறைச் செலவுப் பெட்டியிலிருந்து. எண்ணுகிறவர் வேறு, வங்கியில் கட்டுகிறவர் வேறு, கணக்கு எழுதுகிறவர் வேறு. சிறிய சபையில் ஆள் கிடைக்காது, தெரியும். குறைந்தபட்சம் மாதம் ஒருமுறை பொருளாளர் அல்லாத ஒருவர் எண்ணிய தாள்களையும் வங்கி அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும், அரைமணி நேர வேலை.

நான் இதைக் கொண்டுவந்தபோது இருபது வருடமாகத் தனியாக எண்ணிக்கொண்டிருந்த ஒரு பெரியவருக்கு மனசு உடைந்துபோனது. "என்னைச் சந்தேகப்படுகிறீர்களா தம்பி?" என்றார். என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. "ஐயா, நாளைக்கு யாராவது உங்களைச் சந்தேகப்பட்டால் காட்டுவதற்கு என்னிடம் ஒரு தாளும் இல்லையே" என்றேன். ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம் அவரே அச்சகத்துக்குப் போய் அந்தப் படிவத்தை அடித்துக்கொண்டு வந்தார்.

அடுத்தது, நோக்கம் சொல்லி வாங்கிய பணம். கட்டட நிதி என்று சொல்லி வாங்கினால் அது கட்டடத்துக்கு மட்டும்தான். மின்கட்டணத்துக்குக் குறைகிறது, கட்டட நிதியிலிருந்து எடுத்து அடுத்த மாதம் போட்டுவிடலாம் என்பது மிகச் சாதாரணமாக நடக்கிற, மிக ஆபத்தான பழக்கம். சிங்கப்பூரின் சிட்டி ஹார்வெஸ்ட் சர்ச் வழக்கு இதில் உச்சம்: கட்டட நிதியைப் போலிக் கடன் பத்திரங்கள் வழியாக ஒரு இசைத் திட்டத்துக்குத் திருப்பி, அதை மறைக்க மேலும் பணத்தைச் சுழற்றியதற்காக ஆறு பேர் 2015இல் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. மொத்தம் சுமார் 5 கோடி சிங்கப்பூர் டாலர். அவர்கள் தங்கள் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்கள் என்பது அரசுத் தரப்பின் வாதமே இல்லை. சபைக்காகத்தான் செய்தோம் என்ற எண்ணம் தண்டனையிலிருந்து காப்பாற்றவும் இல்லை.

ரசீது விஷயத்தில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு கணக்கு. அமெரிக்காவில் ஒரே நன்கொடை 250 டாலரோ அதற்கு மேலோ போனால், கொடுத்தவர் வரிக்கழிவு கோருவதற்குச் சபையின் எழுத்துச் சான்று வேண்டும். பதிலுக்கு ஏதாவது பொருளோ சேவையோ கொடுத்திருந்தால் அதையும் குறிப்பிட வேண்டும். இங்கிலாந்தில் வரி கட்டுகிறவர் உறுதிமொழி கொடுத்தால் ஒவ்வொரு பவுண்டுக்கும் 25 பென்ஸ் அரசிடம் திரும்பப் பெறலாம், அந்த உறுதிமொழித் தாளைத் தொலைத்துவிட்டால் வாங்கியதைத் திருப்பிக் கட்ட நேரும். இந்தியாவில் ஒரே ஆளிடமிருந்து ஒரே நாளில் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கவே கூடாது. பெயர் தெரியாத காணிக்கைக்கு 30 சதவீத வரி என்று அங்கே ஒரு ஏற்பாடு உண்டு. முழுக்க மத நோக்கத்துக்காக மட்டும் அமைந்த அறக்கட்டளைக்கு அதிலிருந்து விலக்கு, ஆனால் மதமும் தொண்டும் கலந்த அமைப்புக்கு, அது நடத்தும் பள்ளி, மருத்துவமனைக்கென்று பெயரில்லாமல் வந்த தொகையில் விலக்கு இல்லை.

வெளிநாட்டுப் பணம் என்றால் தொடுவதற்கு முன்னால் நில்லுங்கள். இந்தியாவில் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வெளிநாட்டு நன்கொடை வாங்கினால் குற்றம். 2020 திருத்தத்துக்குப் பிறகு அது முதலில் புதுடெல்லியில் உள்ள குறிப்பிட்ட ஸ்டேட் வங்கிக் கிளையில் வந்துதான் இறங்க வேண்டும், இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றவும் முடியாது. இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் வாழ்கிறவர் தன் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அதே ஆள் குடியுரிமை மாறிவிட்டால் ஆகும். எனவே நன்கொடையாளரிடம் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்று கேட்பதில் வெட்கமே வேண்டாம். சிங்கப்பூரில் மத அமைப்புகள் 10,000 சிங்கப்பூர் டாலரும் அதற்கு மேலும் வந்த வெளிநாட்டு நன்கொடையைத் தெரிவிக்க வேண்டும். தலைவர், செயலாளர், பொருளாளர் குடிமக்களாகவோ நிரந்தரவாசிகளாகவோ இருக்க வேண்டும்.

படி 5: மினிட்ஸ் புத்தகம்

"கூரை பற்றிப் பேசப்பட்டது. அனைவரும் ஒப்புக்கொண்டனர்." எங்கள் பழைய புத்தகம் முழுக்க இப்படித்தான். எதை ஒப்புக்கொண்டார்கள்? எழுத வேண்டியது இப்படி: "கூரை பழுதுக்கு மூன்று விலைப்புள்ளிகள் வைக்கப்பட்டன. இரண்டாவதை ஏற்பது என முடிவு. காரணம், உத்தரவாதக் காலம் அதிகம். முதல் விலைப்புள்ளி கொடுத்த ஒப்பந்தக்காரர் தன் உறவினர் என்று தலைவர் தெரிவித்து வெளியேறினார். ஆதரவு ஐந்து, எதிர்ப்பு ஒன்று. செலவு பொது நிதியிலிருந்து." இவ்வளவுதான். யார் யாரைத் திட்டினார்கள் என்பதெல்லாம் வேண்டாம். வந்தவர் பெயர், கோரம் இருந்ததா, முடிவு, காரணம், எதிர்ப்பு. எதிர்த்தவர் தன் எதிர்ப்பை எழுதச் சொன்னால் கட்டாயம் எழுதுங்கள், நாளைக்கு அவருக்கு அதுதான் கவசம். பக்கங்களுக்கு எண் போட்டுவிடுங்கள், நடுவில் வெற்றுப் பக்கம் விடாதீர்கள்.

படி 6: வருடாந்தரத் தாக்கல்கள்

இதில் தத்துவம் எதுவும் இல்லை, நாள்காட்டிதான். கனடாவில் நிதியாண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் டி3010 என்ற ஆண்டறிக்கைப் படிவம். போடாமல் விட்டால் பதிவே ரத்தாகலாம். மலேசியாவில் ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து 60 நாட்களுக்குள் ஆண்டறிக்கை. இந்தியாவில் வெளிநாட்டு நன்கொடைப் பதிவு உள்ளவர்களுக்கு நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள் தனியாக ஓர் ஆண்டறிக்கை, அந்த வருடம் ஒரு ரூபாய் வராவிட்டாலும்கூட. அமெரிக்கச் சபைகள், வரிவிலக்குள்ள மற்ற அமைப்புகள் வருடந்தோறும் போடும் 990 படிவம் போட வேண்டியதில்லை, ஆனால் நோக்கத்தோடு சம்பந்தமில்லாத வியாபாரத்தில் மொத்த வரவு 1,000 டாலரைத் தொட்டால் 990-டி என்ற வரிப் படிவம் உண்டு. ஊழியர் சம்பளத்தில் பிடித்த வரியைக் கட்டாமல் சபைச் செலவுக்குத் திருப்பியவர்கள் மேல் சொந்தப் பொறுப்பு விழும். உங்கள் நாட்டுத் தேதிகளை ஒரே தாளில் எழுதி, பொருளாளர் ஃபோனில் மட்டும் இல்லாமல் அலுவலகச் சுவரிலும் ஒட்டுங்கள். தாக்கல் செய்ததற்கான ஒப்புகை எண்ணையும் அதிலேயே எழுதுங்கள்.

படி 7: மனிதர்கள், முக்கியமாகக் குழந்தைகள்

தொண்டர் என்று சொல்லிவிட்டு நேரம் குறித்து வேலை வாங்கி மாதாமாதம் 'சன்மானம்' கொடுத்தால் பல நாடுகளில் அவர் தொழிலாளிதான், குறைந்தபட்ச ஊதியமும் காப்பீடும் பின்னாலேயே வரும். இதை ஆடிட்டர் சொல்லித்தருவார். அடுத்ததை நீங்களே முடிவெடுக்க வேண்டும்.

குழந்தைகளுக்கு வகுப்போ முகாமோ நடத்தினால் எழுத்தில் ஒரு பாதுகாப்பு விதி வேண்டும்: ஒரு பெரியவர் ஒரு குழந்தையோடு மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது, பொறுப்பாளர்களின் பின்னணி சரிபார்க்கப்பட வேண்டும், புகார் வந்தால் யாரிடம் போக வேண்டும் என்று பெற்றோருக்கும் குழந்தைக்கும் தெரிந்திருக்க வேண்டும். புகார் வந்த அன்று சபையில் முதலில் எழும் குரல் "நாமே விசாரித்துப் பார்ப்போம், சபையின் பேர் கெட்டுவிடும்" என்பதாகத்தான் இருக்கும். அந்தக் குரல் எவ்வளவு மதிப்புள்ளவரிடமிருந்து வந்தாலும் கேட்காதீர்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் இந்தியாவின் போக்சோ சட்டம் 2012, அப்படி ஒரு குற்றம் தெரிந்தவர் காவல்துறைக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ சொல்லியே ஆக வேண்டும் என்கிறது. சொல்லாமல் மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை, தனக்குக் கீழ் வேலை செய்கிறவரைப் பற்றி நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் ஒரு வருடம் வரை. மத நிறுவனத்தின் நிர்வாகியோ ஊழியரோ அங்கேயே குற்றம் செய்தால் அது கடுமையான வகையில் சேரும். ஆஸ்திரேலியாவில் 2013 முதல் 2017 வரை நடந்த அரசு விசாரணை ஆணையம் கண்டதும் இதையேதான்: மத நிறுவனங்களின் தலைமைகள் குழந்தையைவிட நிறுவனத்தின் பெயரைக் காத்தன. குழு கூடித் தீர்மானம் போட்டுவிட்டுப் போகலாம் என்று காத்திருக்க வேண்டாம். முதலில் புகார், பிறகு கூட்டம்.

படி 8: அரசியல்வாதி வாசலுக்கு வரும்போது

தேர்தல் நேரத்தில் வேட்பாளர் வழிபட வருவார். வரட்டும், உட்காரட்டும். மைக் கொடுக்காதீர்கள். அமெரிக்காவில் 1954 முதல் வரிவிலக்குள்ள அமைப்பு வேட்பாளரை ஆதரிக்கவோ எதிர்க்கவோ கூடாது என்ற விதி சட்டத்தில் இருக்கிறது. 1992 தேர்தலுக்குச் சில நாட்களுக்கு முன் ஒரு வேட்பாளருக்கு எதிராகப் பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்த நியூயார்க் மாநிலச் சபை ஒன்று வரிவிலக்கை இழந்தது, மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2000இல் அதை உறுதி செய்தது. இந்தியாவில் 1988ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று மத நிறுவன வளாகத்தை அரசியலுக்குப் பயன்படுத்துவதையே தடுக்கிறது, தண்டனை ஐந்து வருடம் வரை சிறை. நிர்வாகிகளில் பலருக்கு இப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாது. உங்கள் சபையின் உறுப்பினர் பட்டியலை யாராவது "வாழ்த்து அனுப்பத்தான்" என்று கேட்டாலும் கொடுக்காதீர்கள். ஐரோப்பிய, பிரிட்டிஷ் தரவுச் சட்டங்களில் ஒருவரின் மதம் சிறப்புப் பாதுகாப்புள்ள தகவல், உங்கள் பட்டியலில் பெயர் இருப்பதே அவர் மதத்தைச் சொல்லிவிடுகிறது.

படி 9: கட்டடம், சத்தம், நேரலை

கூடமாக வாடகைக்கு எடுத்த இடத்தில் வழிபாடு நடத்த அனுமதி உண்டா என்று முதலில் உள்ளாட்சியில் கேளுங்கள், வாடகை ஒப்பந்தம் அதற்குப் பிறகு. தீயணைப்பு வழி, அதிகபட்சம் எத்தனை பேர், பொதுப் பொறுப்புக் காப்பீடு, ஏணியிலிருந்து விழும் தொண்டருக்குக் காப்பீடு செல்லுமா, இவற்றை ஒரே மூச்சில் முடித்துவிடலாம். ஒலிபெருக்கி பற்றி இந்திய உச்ச நீதிமன்றம் 2000இல், சென்னைக் குடியிருப்பு ஒன்றின் புகாரில் வந்த வழக்கில் சொன்னது தெளிவு: அடுத்தவர் அமைதியைக் கெடுத்து வழிபட எந்த மதமும் சொல்லவில்லை. இரவு 10 முதல் காலை 6 வரை அங்கே திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. அப்புறம் நேரலை: அமெரிக்கச் சட்டத்தில் வழிபாட்டில் பாடுவதற்குப் பாடல்களின் பதிப்புரிமையிலிருந்து விலக்கு இருக்கிறது, அதையே இணையத்தில் ஒளிபரப்ப அந்த விலக்கு போதாது. வீடியோவை யூடியூப் முடக்கிய பிறகுதான் எங்களுக்கு இந்த ஞானம் வந்தது.

படி 10: ஒப்படைப்பு

பதவி முடிகிற நாளில் வெறும் கைகுலுக்கலோடு போகாதீர்கள். ஒரு தாளில் பட்டியல் எழுதுங்கள்: அசல் பத்திரம், பதிவுச் சான்று, வரிப் பதிவு ஆணை, மினிட்ஸ் புத்தகங்கள், பயன்படுத்திய, பயன்படுத்தாத ரசீதுப் புத்தகங்களின் வரிசை எண்கள், காசோலைகளின் எண்கள், அன்றைய வங்கி இருப்பு, கையிருப்பு ரொக்கம், கடவுச்சொற்கள், பாதியில் நிற்கிற வழக்கோ நோட்டீஸோ இருந்தால் அதன் அடுத்த தேதி. கொடுக்கிறவர், வாங்குகிறவர், சாட்சியாக ஒருவர், மூன்று கையெழுத்து. நிர்வாகிகள் மாறியதைப் பதிவுத் துறைக்கு உரிய காலத்துக்குள் தெரிவியுங்கள். இதை விட்டதால் ஐந்து வருடம் முந்தைய குழுவே அரசுப் பதிவில் நிர்வாகிகளாக இருந்து, பிறகு அவர்கள் போட்ட கையெழுத்து செல்லும் என்று வழக்கு நடந்த கதையெல்லாம் உண்டு.

எனக்கு வந்த அந்த நான்கு வெற்றுக் காசோலைகளையும் முதல் குழுக் கூட்டத்தில் மேசை மேல் வைத்து, தலைவர் முன்னாலேயே குறுக்கே கோடு போட்டு, எண்களை மினிட்ஸில் எழுதினோம். அவர் சிரித்துக்கொண்டே இருந்தார், கொஞ்சம் சங்கடமாகத்தான். வங்கியில் கையெழுத்து அதிகாரம் மாற ஆறு வாரம் ஆனது. அதுவரை ஒவ்வொரு பணப்பரிமாற்றத்துக்கும் ஓடிபி பழைய பொருளாளரின் ஃபோனுக்கே போய்க்கொண்டிருந்தது, அவரோ மகள் வீட்டுக்கு வெளிநாடு கிளம்பிவிட்டார். பொறுப்பு ஏற்ற வாரமே வங்கிக்குப் போய்விடுங்கள், போகும்போது தீர்மான நகலில் சபை முத்திரை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், அது இல்லாமல் எங்களை இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள்.